மலையில் ஒரு சைக்கிள் சர்க்யூட்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

கோத்தகிரிப் பக்கம் சைக்கிளுக்கென்றே ஒரு தார்ச் சுற்றுப்பாதை போடலாமா என்ற பேச்சு கொஞ்ச நாளாக ஓடுகிறது. நான் சாலை வடிவமைப்பில் காலம் தள்ளியவன், ஞாயிறானால் சைக்கிளை எடுப்பவன் என்பதால் ஆளாளுக்கு என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

ஊட்டி–மசினகுடி ரோட்டில், கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு இருக்கும்போது தனிச் சர்க்யூட் எதற்கு சார்?

கல்லட்டியில் நீங்கள் ஏறுவீர்கள் தம்பி, பத்து வயதுப் பிள்ளையை அங்கே பழக்குவீர்களா? சீசனில் நம் ரோட்டை அரை மணி நேரம் அடைத்தால்கூட மேட்டுப்பாளையம் வரை வண்டி நிற்கும். சர்க்யூட்டில் பின்தங்கினவன் எங்கோ பாதி மலையில் தனியாக நிற்க மாட்டான், அடுத்த சுற்றில் மறுபடி கண்ணில் படுவான்.

நீளம், அகலம் எவ்வளவு வேண்டும்?

கிரிட்டீரியம், அதாவது மூடிய சுற்றில் பல முறை சுற்றி ஓட்டும் பந்தயத்துக்கு உலக சைக்கிள் சம்மேளனம் 800 மீட்டரிலிருந்து 10 கிலோமீட்டர் வரை சுற்றை ஏற்கிறது. லண்டனில் லீ வேலி சர்க்யூட் ஒரு மைல், அதாவது 1.6 கிலோமீட்டர். நமக்கு 1.2 போதும். அகலம் 6 மீட்டர், முடிவுக் கோட்டுப் பக்கம் 8. கோட்டுக்கு முன்னால் 200 மீட்டராவது நேராக இருக்கட்டும், இல்லையென்றால் கடைசி வளைவிலேயே அடிதடி.

எங்கள் ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) கீழே 8 ஏக்கர் தேயிலைச் சரிவு சும்மா கிடக்கிறது. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டு இரண்டு முனையிலும் திருப்பிவிட்டால்?

எல்லோரும் முதலில் இதைத்தான் வரைகிறார்கள், நானும் வரைந்திருக்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். சரிவு நாலுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். திருப்பத்துக்கு 30 மீட்டர் ஆரம் கொடுத்தால் இரண்டு கோட்டுக்கும் நடுவே 60 மீட்டர், அதாவது 15 மீட்டர் உயர வித்தியாசம். அந்த அரைவட்டத்தின் நீளம் 94 மீட்டர்தான். ஆக 16 சதவீத இறக்கம், அதுவும் திரும்பிக்கொண்டே! மழை நாளில் அங்கே ஒருவர் விழுந்தால் பின்னால் வரும் இருபது பேரும் விழுவார்கள். அந்த இறக்கத்தைக் குறைக்க வெட்டி நிரப்பினால் ஒரு பக்கம் பெரிய தடுப்புச்சுவர், மறுபக்கம் நிற்காத மண்.

சரிவில் போடாதீர்கள், குன்றைச் சுற்றிப் போடுங்கள். ஏறாமல் இறங்காமல் ஒரே உயரத்தில் போகும் கோடு தானாக வந்து மூடிக்கொள்வது குன்றில்தான். 200 மீட்டர் ஆரமுள்ள ஒரு குன்றைச் சுற்றினால் 1,250 மீட்டர் கிடைக்கும். வளையத்தை ஒரு பக்கம் 10 மீட்டர் தூக்கி வையுங்கள், சராசரி 1.6 சதவீத ஏற்றம். 40 சுற்றில் 50 கிலோமீட்டரும் 400 மீட்டர் ஏற்றமும் சேர்ந்துவிடும். 12 மீட்டர் பட்டை எடுத்தாலும் நிலம் நாலு ஏக்கருக்குள். நடுவில் தேயிலை அப்படியே இருக்கலாம், கொழுந்து எடுக்கப் போகிறவர்களுக்கு வழி மட்டும் விட வேண்டும். வட்டம் சலிக்கும் என்பீர்கள். குன்று எங்கேயும் உருண்டையாக இருப்பதில்லை, அதன் நெளிவே வளைவு கொடுத்துவிடும்.

பள்ளத்தில் சமமான இடம் இருக்கிறதே, அங்கே போட்டால் வேலை சுலபம் இல்லையா?

அது சதுப்பு. ஓடைக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் கசிகிறது, மேலே தார் போட்டாலும் அமுங்கும். வேண்டாம்.

மழைக்கு என்ன செய்வது?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில் 2009 நவம்பரில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்தது. குன்றைச் சுற்றும் பாதையில் வளைவின் உட்பக்கமே மலைப்பக்கமும் என்பதால் 2.5 சதவீதம் உள்ளே சாய்த்துவிடலாம். சக்கரத்துக்கும் நல்லது, தண்ணீரும் உள்வடிகாலுக்குப் போகும். அங்கிருந்து குழாய்ப் பாலங்கள் வழியே பல இடங்களில் பிரித்து வெளியேற்ற வேண்டும், ஒரே இடத்தில் கொட்டினால் கீழே இருக்கிற வீட்டுக்காரர் நம்மைத் தேடி வருவார். வடிகால் மூடியின் கம்பிகள் பாதைக்குக் குறுக்காக இருக்கட்டும். நீளவாக்கில் இருந்த ஒன்றில் முன்சக்கரம் இறங்கி என் தோள் எலும்பு போனது. கற்பூர மர நிழலில் பாசி பிடிக்கும், தேய்த்துக் கழுவ ஆள் வேண்டும். அந்தச் செலவை யாரும் திட்டத்தில் எழுதுவதே இல்லை.

வளைவின் ஆரம் எவ்வளவு இருக்க வேண்டும்?

30 மீட்டர் ஆரத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்குச் சைக்கிளோடு 23 டிகிரி சாய வேண்டும். 50 என்றால் 33, ஈரத்தில் அது தைரியம் இல்லை, முட்டாள்தனம். நம் உயரத்தில் காற்று மெலிசு, ஊட்டியில் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மூச்சு வாங்கினாலும் இறக்கத்தில் வேகம் கூடத்தான் செய்யும். வெளிப்பக்கம் 3 மீட்டர் புல். கல் விளிம்பும் வேண்டாம், கம்பமும் வேண்டாம்.

பெரியவர்கள் பறக்கும்போது பிள்ளைகள் எங்கே ஓட்டுவார்கள்? என் தம்பிக்குக் கையால் ஓட்டும் சைக்கிள்.

நல்ல கேள்வி அக்கா. குறுக்கே ஒரு இணைப்புப் பாதை போட்டால் சின்னச் சுற்று தனியாகக் கிடைக்கும். எல்லோருக்கும் ஒரே திசை, நேரமும் பிரித்துக் கொடுக்க வேண்டும். தம்பியின் வண்டி தாழ்வானது, மேடு தாண்டி வருகிறவர் கண்ணுக்குத் தெரியாது; அதனால் பாதையில் திடீர் மேடு இருக்கக் கூடாது. நுழைவு கேட்டை மூன்று சக்கர வண்டியை நிறுத்தி அளந்து வையுங்கள்.

காட்டெருமை வந்தால்?

வரும். வேலி போட்டால் பிய்த்துக்கொண்டு வரும். விடியலிலும் அந்தியிலும் மூடிவிடுங்கள், திறக்குமுன் ஒருவர் முழுச் சுற்று பார்த்துவிட்டு வரட்டும். இரவு விளக்குக்கு நான் எதிர்.

அனுமதி?

பட்டா நிலமானாலும் ஜேசிபி இறக்கக் கலெக்டர் அனுமதி வேண்டும். பந்தயத் தேதியை அச்சடிப்பதெல்லாம் அதற்கப்புறம்.

சரி, எங்கே ஆரம்பிப்பது?

சர்வேக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால், நல்ல மழை நாளில் குன்றை ஒரு சுற்று நடந்து, தண்ணீர் இறங்கும் இடத்திலெல்லாம் குச்சி நடுவோம். நானும் வருகிறேன். குடை கொண்டு வாருங்கள், அட்டைக்கு உப்பும்.