அண்ணாச்சி பதில்கள்: பை தூக்கினவர் கையில் கோப்பை

*மகன் குர்கானில் வேலை பார்க்கிறான். 'ஹீரோ இண்டியன் ஓப்பன்' கோல்ஃப் போட்டிக்குப் போனேன் என்று போட்டோ அனுப்பினான். பைக் கம்பெனி விளம்பரத்துக்காகத் தொடங்கிய போட்டியா அண்ணாச்சி இது?*
- வாசகர், மார்த்தாண்டம்

இல்லை. பைக் கம்பெனியின் பெயர் ரொம்பப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இண்டியன் ஓப்பன் 1964-ல் டெல்லியில் தொடங்கியது. 'ஓப்பன்' என்றால் காசுக்கு ஆடுகிறவரும் சும்மா ஆடுகிறவரும் சேர்ந்து மோதும் போட்டி. அதற்குத் தூண்டுகோலாக இருந்தவர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன். பிரிட்டிஷ் ஓப்பனை ஐந்து தடவை ஜெயித்த ஆள். ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே பறக்கும்போது இந்தியாவில் இறங்கித் தங்குவார். இங்கேயும் ஒரு ஓப்பன் வைக்கலாமே என்று கிளப்காரர்களிடம் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். சரி, பேசினதோடு விட்டாரா? முதல் கோப்பையையும் அவரே தட்டிக்கொண்டு போனார். 1966-லும் 1976-லும் திரும்ப வந்து ஜெயித்தார்.

1970-ல் இது ஆசிய சர்க்யூட்டில் சேர்ந்தது. ஆசிய நாடுகளில் அடுத்தடுத்து போட்டி நடக்கும், ஆட்டக்காரர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். நம்ம பக்கத்துக் கோயில் கொடைக்கு வரிசையாக ஊர் மாறும் வில்லுப்பாட்டுக் குழு மாதிரிதான். அப்படி வந்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் பேய்ன் ஸ்டூவர்ட். 1981-ல் இங்கே ஜெயித்தபோது அவர் பெரிய பெயர் இல்லை. பிறகு அமெரிக்க ஓப்பனையே இரண்டு முறை வென்றார்.

பல வருடங்கள் டெல்லி கோல்ஃப் கிளப்பும் ராயல் கல்கத்தாவும்தான் இதற்குக் களம். 2015 முதல் ஐரோப்பிய டூர் என்ற தொழில்முறைப் போட்டி வரிசையின் கணக்கிலும் சேர்ந்தது. 2017-ல் குர்கான் டி.எல்.எஃப். மைதானத்துக்கு மாறியது. உங்கள் மகன் போட்டோ எடுத்தது அங்கேதான் இருக்கும்.

*வெளிநாட்டுக்காரரே ஜெயித்துக்கொண்டிருந்தால் நம்ம ஆள் எப்போது ஜெயித்தார்? எவ்வளவு பணம் வாங்கினார்?*
- கல்லூரி மாணவர், நாகர்கோவில்

இரண்டாவது வருடமே, 1965-ல். பி.ஜி. சேத்தி. பணம் ஒரு பைசா கிடையாது தம்பி. அவர் அமெச்சூர், அதாவது ஆட்டத்தைத் தொழிலாக வைத்துக்கொள்ளாதவர்; பரிசுப் பணத்தைத் தொடக்கூடாது என்பது விதி. அமெச்சூர் ஒருவர் இந்தக் கோப்பையை வாங்கியது அந்த ஒரு தடவைதான்.

*பணக்கார ஆட்டம் என்கிறார்கள். ரப்பர் பால் வெட்டுகிறவன் பையனுக்கு அதில் என்ன வேலை இருக்கிறது? பை தூக்கும் வேலையா?*
- வாசகர், குலசேகரம்

கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள், நியாயமான கோபம். ஆனால் பை தூக்கும் வேலையை லேசாக நினைக்காதீர்கள்.

நான் லோதி காலனி குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் பயிற்சி நாட்களில் டெல்லி கோல்ஃப் கிளப் பக்கம் போவதுண்டு. பழைய கல்லறை மண்டபங்கள், மயில், இரண்டு பக்கமும் அடர்ந்த புதர். பந்து அதற்குள் போனால் போனதுதான். ஆட்டக்காரரைவிட அவருடைய பை தூக்கும் ஆளைத்தான் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருப்பேன். அவருக்கு இங்கிலீஷில் 'கேடி' (caddie) என்று பேர். தோளில் பையோடு நடப்பார். ஈரத் துண்டால் பந்தைத் துடைத்துக் கொடுப்பார். ஆட்டக்காரர் மணல் குழியிலிருந்து அடித்து வெளியேறியதும் கால்தடம் தெரியாமல் மணலை இழுத்து விடுவார். பந்து விழ வேண்டிய குழிக்குப் பக்கத்தில் போனதும் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு கண்ணைச் சுருக்கி, புல்தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்து விரலால் காட்டுவார். முதலாளி தலையாட்டிவிட்டு அந்த இடத்துக்கே தட்டுவார். அந்த மண்ணின் ஒவ்வொரு மேடு பள்ளமும் தெரிந்தவர் இரண்டு பேரில் யார், சொல்லுங்கள்?

அந்த டெல்லி கிளப்பில் கேடியாக இருந்தவர்தான் அலி ஷேர். 1991-ல் இண்டியன் ஓப்பனை ஜெயித்த முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர். ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று யாரும் பேச முடியாதபடி 1993-ல் மறுபடியும் ஜெயித்தார். 2009-ல் ஜெயித்த பெங்களூரு சி. முனியப்பாவும் பை சுமந்து ஆட்டம் படித்தவர். 2013-ல் ஜெயித்த வங்கதேசத்தின் சித்திகுர் ரஹ்மான், டாக்கா மைதானத்தில் பந்து பொறுக்கிய பையன்.

எனக்குப் பிடித்தவர் எஸ்.எஸ்.பி. சௌராசியா. அப்பா ராயல் கல்கத்தாவில் புல்தரை பராமரிக்கும் ஊழியர். பையன் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை, தானாகவே கற்றுக்கொண்டார். நீளமாக அடிக்கும் ஆள் இல்லை. பந்து குழியை நெருங்கிய பிறகுதான் அவர் வித்தை. குழிக்குப் பக்கத்தில் அடிக்கும் சின்ன அடிகளுக்கு 'சிப்', 'புட்' என்று பேர். அதனால் கூட்டாளிகள் 'சிப்புட்சியா' என்றே கூப்பிட்டார்கள். 2015-ல் இன்னொரு இந்திய ஆட்டக்காரர் அனிர்பன் லாஹிரி ஏழு ஸ்ட்ரோக் (மட்டையடி) பின்னாலிருந்து இவரைத் துரத்திப் பிடித்து, சமமானவர்களுக்குள் வைக்கும் கூடுதல் ஆட்டமான பிளே-ஆஃபில் கோப்பையைப் பறித்துக்கொண்டார். மனசு விட்டுப்போகும் தோல்வி. சௌராசியா 2016-லும் 2017-லும் தொடர்ந்து ஜெயித்துக் கணக்குத் தீர்த்தார்.

இதனால் பணக்கார ஆட்டம் ஏழை ஆட்டமாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு செட் மட்டை விலையைக் கேட்டாலே நமக்குத் தலை சுற்றும். கிளப் உறுப்பினராவது அதைவிடக் கஷ்டம். ஆனால் உறுப்பினர் பிள்ளைகள் மட்டும் ஆடியிருந்தால் மேலே சொன்ன கோப்பைகள் இந்தப் பக்கம் வந்திருக்காது.

*குறைவாக எடுத்தவர் ஜெயிப்பாராமே? தலை கால் புரியவில்லை.*
- வாசகி, குளச்சல்

மட்டையால் எத்தனை தடவை அடித்துப் பந்தைக் குழியில் போட்டாய் என்பதுதான் கணக்கு. ஒரு சுற்றுக்குப் பதினெட்டு குழி, நாலு நாளில் நாலு சுற்று. குர்கான் மைதானத்தில் ஒரு சுற்றுக்கு 72 அடி என்று வைத்திருக்கிறார்கள், இதற்குப் பேர் 'பார்'. நாலு சுற்றுக்கு 288. சௌராசியா 2017-ல் 278-ல் முடித்தார், பத்து அடி மிச்சம். அடுத்தவரைவிட ஏழு குறைவு. இந்த ஆட்டத்தில் ஒன்றிரண்டில்தான் பெரும்பாலும் தீர்ப்பு வரும், ஏழு என்பது அடித்து நொறுக்கியது. அப்புறம் இன்னொன்று: இரண்டு நாள் முடிந்ததும் ஏறக்குறைய பாதி ஆட்களைக் கழித்துவிடுவார்கள். அவர்களுக்குப் பரிசுப் பணம் கிடையாது, ரயில் டிக்கெட்டும் சொந்தச் செலவு.

*நம் மாவட்டத்தில் எங்கே கற்றுக்கொள்ளலாம்?*
- ஒன்பதாம் வகுப்பு மாணவி, தக்கலை

இங்கே மைதானம் இல்லை மக்களே. பதினெட்டு குழி மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். நாஞ்சில் நாட்டில் அத்தனை நிலம் ஒரே இடத்தில் கிடந்தால் பிளாட் போடுகிறவர் விட்டுவைப்பாரா? பக்கத்தில் என்றால் திருவனந்தபுரம் கவடியாரில் ஒன்பது குழி மைதானம் ஒன்று இருக்கிறது. திருவிதாங்கூர் ராஜா காலத்தது. வேணாடு அரசர்கள் பத்மநாபபுரத்தில் இருந்து ஆண்ட உன் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம்தான். வெளியாட்களுக்குப் பயிற்சி உண்டா, கட்டணம் எவ்வளவு என்று அப்பாவை விட்டு முதலில் போனில் கேட்கச் சொல். மட்டை வாங்க அவசரப்படாதே, கொஞ்ச நாள் இரவல் மட்டையில் ஆடு.