ஜெர்மனியில் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் வேலை: எந்த கோர்ஸ் சேரலாம்?

தம்பி, பயோடெக் எம்.எஸ்சி. முடித்து, லேபில் இரண்டு வருடம் வேலை பார்த்து, மனைவியின் வேலைக்காக ஹைடெல்பெர்க் வந்திருக்கிறீர்கள். எந்தச் சான்றிதழ் வகுப்பில் சேரலாம், பிஎச்.டி. இல்லாமல் வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள்.

வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தினர் நடத்தும் கேலக்ஸி ஐரோப்பா சர்வர் (மரபணுத் தரவை உலாவியிலேயே ஆராயும் தளம்) இலவசம், பாடங்களும் இலவசம். அதில் கைபழகிய பின் லினக்ஸ் கமாண்ட் லைனும் புள்ளியியலுக்கான ஆர் மொழியும் படியுங்கள். பிறகு ஆய்வின் படிகளை வரிசையாகத் தானே ஓட்டும் நெக்ஸ்ட்ஃப்ளோ, ஸ்னேக்மேக் இரண்டில் ஒன்று போதும்.

அடுத்து, ஒரே ஒரு ஆர்என்ஏ-சீக் ஆய்வை (எந்த ஜீன் எவ்வளவு செயல்படுகிறது என்று அளப்பது) முழுசாகச் செய்து, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போடுங்கள். ஜிஇஓ என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் குறைந்தது மூன்று மாதிரி இருக்கிற தரவாகப் பார்த்து எடுங்கள். பாடங்களில் வரும் ஏர்வே தரவு வேண்டாம், அதை எல்லோரும் செய்துவிட்டார்கள். ரீடுகளை (சீக்குவன்சிங் இயந்திரம் படித்த துண்டுகளை) ஜீனோமில் பொருத்தும் ஸ்டார் கருவி மனித ஜீனோமுக்குச் சுமார் 30 ஜிபி ராம் கேட்கும்; 16 ஜிபி லேப்டாப்பில் பாதியில் நின்றுவிடும். அதே வேலையைச் செய்யும் ஹைசாட்2 அந்த லேப்டாப்பிலேயே ஓடும்.

பலர் சறுக்குவது, ஒவ்வொரு ஜீனிலும் எத்தனை ரீடு விழுந்தது என்று எண்ணும் ஃபீச்சர்கவுன்ட்ஸில்தான். ஸ்ட்ராண்ட் அமைப்புக்கு (ரீடு எந்த இழையைச் சேர்ந்தது என்று சொல்வது) 0, 1, 2 என்று மூன்று மதிப்பு உண்டு. இழை விவரத்தைக் காக்கும் டியுடிபி முறையில் செய்த லைப்ரரிக்கு (சீக்குவன்சிங்குக்குத் தயாரித்த மாதிரி) 2 கொடுக்க வேண்டும். 1 கொடுத்தால் பிழைச்செய்தி எதுவும் வராது, ஆனால் சம்மரி கோப்பில் பெரும்பாலான ரீடுகள் 'நோ ஃபீச்சர்ஸ்' (எந்த ஜீனிலும் சேராதவை) வரிசையில் போய் விழுந்திருக்கும். ஆர்சீக்யூசி கருவித்தொகுப்பின் 'இன்ஃபர் எக்ஸ்பெரிமென்ட்' நிரலை முதலில் ஓட்டினால் எந்த மதிப்பு என்று தெரிந்துவிடும். எல்லா எண்ணிக்கையும் பூஜ்யமாக வந்தால் பெரும்பாலும் காரணம் வேறு: ஜீனோம் கோப்பில் குரோமோசோம் பெயர் 'சிஎச்ஆர்1', ஜீன் கோப்பில் வெறும் '1'. இரண்டையும் என்செம்பிள் தரவுத்தளத்திலிருந்தே இறக்கினால் இந்தத் தொல்லை இல்லை. குழுக்களுக்கிடையே எந்த ஜீன் மாறுகிறது என்று கண்டுபிடிக்கும் டிஇசீக்2-க்கு டிபிஎம் மதிப்பை (ஜீன் நீளத்துக்கும் மொத்த ரீடுகளுக்கும் சரிக்கட்டிய எண்) கொடுக்கவே கூடாது. அது மாறுபாட்டைக் கணிப்பதே பதப்படுத்தாத எண்ணிக்கையிலிருந்துதான். முடிவை எக்செல்லில் திறந்தால் 'மார்ச்1' ஜீன் தேதியாக மாறிவிடும். 2020-இல் அதற்கு 'மார்ச்எஃப்1' என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனாலும் பழைய தரவில் பழைய பெயர்தான். ஜீனின் என்செம்பிள் அடையாள எண்ணையும் கூடவே வைத்திருங்கள்.

இந்த ஒவ்வொரு முடிவையும் ஏன் எடுத்தீர்கள் என்று ரீட்மீ கோப்பில் எழுதுங்கள். நேர்காணலில் துருவித் துருவிக் கேட்பது அதைத்தான்.

பிஎச்.டி. இல்லாமலும் ஆய்வு நிறுவனங்களின் சீக்குவன்சிங் மையங்களில் இடம் உண்டு. குழுத் தலைவர் போன்ற பதவிகளுக்குத்தான் பிஎச்.டி. கேட்பார்கள். ஹைடெல்பெர்க்கிலேயே எம்பல் என்ற ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகமும் ஜெர்மன் புற்றுநோய் ஆய்வு மையமும் இருக்கின்றன, பெரும்பாலும் ஆங்கிலமே போதும். மருத்துவமனைப் பரிசோதனைக்கூடம் என்றால் ஜெர்மன் நன்றாகத் தெரிய வேண்டும். இங்கே பிஎச்.டி.யும் சம்பள வேலைதான், உயிரியலில் பெரும்பாலும் பொதுத்துறை ஊதிய அட்டவணையின் இ13 நிலைச் சம்பளத்தில் 65 சதவீதம். ஒப்பந்தம் எத்தனை மாதம் என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். உங்கள் குடும்ப விசா அட்டையில் 'எர்வெர்ப்ஸ்டேட்டிக்கைட் எர்லௌப்ட்' (வேலை செய்ய அனுமதி உண்டு) என்று இருந்தால் வேலைக்குத் தனி அனுமதி தேவையில்லை. அதை விண்ணப்பத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.