அண்ணன் விட்டுச்சென்ற துப்பாக்கி: இல்லினாய் தடைச் சட்டமும் எச்-1பி விசாவும்

கேள்வி: நான் இல்லினாய் மாநிலம் அரோராவில் எச்-1பி விசாவில் பணிபுரிகிறேன். அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்த என் அண்ணன் ஐந்து வாரங்களுக்கு முன் மாரடைப்பில் காலமானார். உயில் எதுவும் இல்லை. அவருடைய அலமாரியில் ஏ.ஆர்-15 வகைத் துப்பாக்கி ஒன்றும், 30 தோட்டாக்கள் கொள்ளும் மேகசின்கள் மூன்றும் இருந்தன. 2017-இல் கடையில் முறைப்படி வாங்கிய ரசீது துப்பாக்கிப் பெட்டிக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. காவல் துறையில் பதிவு செய்ததற்கான தாள் எதுவும் அகப்படவில்லை. வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பதால், கிரீன் கார்டு வைத்திருக்கும் அண்ணி பயந்துபோய் அதை என்னிடம் கொடுத்துவிட்டார். இப்போது என் அடுக்ககத்தில் இருக்கிறது. அண்ணன் நினைவாக அதை வைத்துக்கொள்ளலாமா? அவருடைய நண்பர் ஒருவர் விலைக்குக் கேட்கிறார். இன்னொருவரோ, இத்தகைய துப்பாக்கிகளைத் தடைசெய்யும் இல்லினாய்ச் சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது, பேசாமல் வைத்திரு என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் துக்கத்தில் பங்குகொள்கிறேன். ஆயினும் முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் துப்பாக்கியை நீங்கள் வைத்திருக்கக் கூடாது, ஒரு நாள்கூட. இதற்குக் காரணம் இல்லினாயின் தடைச் சட்டம் மட்டுமன்று. அதைவிடக் கடுமையான கூட்டாட்சிச் சட்டம் ஒன்று உங்கள்மீது நேரடியாகப் பாய்கிறது. நீங்கள் கேள்வியில் கேட்காத விஷயம் அதுதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

குடியேற்ற உரிமை இல்லாத தற்காலிக விசாவில் இருப்பவர்கள், அதாவது எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற விசாக்களில் இருப்பவர்கள், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் 922-ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் பெற்றிருப்பவர் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. இக்குற்றத்துக்கான உச்சத் தண்டனையை 2022-இல் 10 ஆண்டிலிருந்து 15 ஆண்டாக உயர்த்தினார்கள். கையில் ஏந்தியிருந்தால்தான் 'வைத்திருத்தல்' என்பதில்லை. உங்கள் பூட்டுக்குள், உங்கள் அலமாரியில், உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தாலே போதும். குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தம்முடைய விசா நிலை தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-இல் ரெஹைஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் விசாத் தாள்களில் கையெழுத்திடும் ஒருவர், தாம் எச்-1பியில் இருப்பது தெரியாது என்று வாதிட முடியாது. வார இறுதியில் நண்பர்களோடு துப்பாக்கி சுடும் கூடத்துக்குப் போய் 'சும்மா நாலு ரவுண்டு' சுட்டுப் பார்க்கும் நம்மவர்களையும் இந்தப் பிரிவு தொடும் என்பதை இங்கேயே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பலர் இதை அறியாமலேயே சிக்கலில் கால் வைக்கிறார்கள்.

இனி மாநிலச் சட்டத்துக்கு வருவோம். 2022 ஜூலை 4 அன்று, சிகாகோவின் வடக்கே உள்ள ஹைலேண்ட் பார்க் நகரில், சுதந்திர தின ஊர்வலத்தைப் பார்க்கக் கூடியிருந்தவர்கள்மீது ஒருவன் கூரையிலிருந்து சுட்டதில் 7 பேர் இறந்தார்கள். இரண்டு வயதுக் குழந்தை ஒன்று தாய் தந்தை இருவரையும் அன்று இழந்தது. அவன் பயன்படுத்தியது உங்கள் அண்ணன் வைத்திருந்த அதே வகைத் துப்பாக்கி, அதே 30 தோட்டா மேகசின்கள். அந்நகரில் இத்தகைய துப்பாக்கிகளுக்கு 2013 முதலே உள்ளூர்த் தடை இருந்தது. இருந்தும் பயனில்லை, ஏனெனில் நகர எல்லைக்கு வெளியே அவற்றைச் சட்டப்படியே வாங்க முடிந்தது. ஆகவேதான் மாநிலம் முழுமைக்குமான தடை வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து, 2023 ஜனவரி 10 அன்று ஆளுநர் பிரிட்ஸ்கர் கையெழுத்திட, சட்டம் அன்றே நடைமுறைக்கு வந்தது.

'இது தானியங்கி அல்ல, ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு தோட்டாதான் வரும், எப்படி ராணுவத் துப்பாக்கி ஆகும்?' என்று உங்கள் நண்பர்கள் கேட்கக்கூடும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. கழற்றி மாட்டும் மேகசினை ஏற்கும் அரைத் தானியங்கி நீள் துப்பாக்கியில், பிஸ்டலைப் போன்ற கைப்பிடி, மடக்கக்கூடிய அல்லது நீட்டிக் குறுக்கக்கூடிய பின்கட்டை, குழல்முனைத் தீப்பொறியை மறைக்கும் கருவி போன்ற அம்சங்களில் ஒன்று இருந்தாலே அது தடைக்குள் வந்துவிடும். போதாததற்கு, ஏ.ஆர் வகையும் ஏ.கே வகையும் பெயர் சொல்லியே பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளன.

முன்பே சட்டப்படி வாங்கியவர்களிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்காமல், ஒரு வழியைச் சட்டம் விட்டுவைத்தது. 2024 ஜனவரி 1-க்கு முன் மாநிலக் காவல் துறையிடம் துப்பாக்கியின் தயாரிப்பு, மாடல், வரிசை எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டுப் பிரமாணப் பத்திரம் அளித்தவர்கள் அதைத் தொடர்ந்து வைத்திருக்கலாம். இந்தப் பிரமாணப் பத்திரம், துப்பாக்கி உரிமையாளருக்கான ஃபாய்டு அட்டைக் கணக்கின் வழியே இணையத்தில் அளிக்கப்பட்டது. ஆகவே வீட்டில் தாள் இல்லை என்பதால் உங்கள் அண்ணன் பதிவு செய்யவில்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அதற்காக, அவருடைய கணக்குக்குள் நீங்களே நுழைந்து பார்க்கவும் வேண்டாம். அதை வழக்கறிஞர் முறைப்படி விசாரித்துக்கொள்வார்.

அவர் பதிவு செய்திருந்தால், துப்பாக்கியை வாரிசுக்கு மாற்றச் சட்டம் இடம் தருகிறது. இல்லினாயில் உயிலின்றி ஒருவர் இறந்தால், மனைவியும் பிள்ளைகளும் உள்ளவரை, சொத்து அவர்களுக்கே சரிபாதியாகச் சேரும். உடன்பிறந்த தம்பி வாரிசாக மாட்டார். எனவே 'நினைவாக' என்ற உங்கள் கேள்விக்கு, விசா ஒருபுறம் இருக்க, வாரிசுரிமைப்படியும் இடமில்லை. உங்கள் அண்ணி கிரீன் கார்டு வைத்திருப்பதால் ஃபாய்டு அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அட்டை பெற்று, மாற்றம் நடந்த 60 நாளுக்குள் தம் பெயரில் பிரமாணப் பத்திரம் அளிக்க வேண்டும். ஐந்து வாரம் ஏற்கெனவே கழிந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். ஆனால் அதைக் கண்டே அஞ்சி அவர் கையைவிட்டு அகற்றிய நிலையில், இத்தனை பாடுபட்டு அந்தப் பொருளைச் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கே திரும்பக் கொண்டுபோக வேண்டுமா என்பதை அவர் நிதானமாக யோசிக்கட்டும். நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

பதிவு செய்யப்படவில்லை என்றால், அதை வைத்திருப்பதே முதல் முறையில் ஓராண்டுக்குக் குறைவான சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அடுத்த முறை அது இன்னும் கடுமையான வகைக்கு உயர்ந்துவிடும். முதல் வகையைச் சிறிய குற்றம் என்று எண்ணி ஆறுதல் அடையாதீர்கள். துப்பாக்கிக் குற்றம் எதிலாவது தண்டனை பெற்ற வெளிநாட்டவரை நாடு கடத்தக் குடியேற்றச் சட்டம் இடம் தருகிறது. கிரீன் கார்டு அதற்குக் கேடயம் ஆகாது. குடியுரிமை பெற்றவர் ஒருவர் அபராதம் கட்டிவிட்டு மறந்துபோகக்கூடிய வழக்கு, உங்கள் அண்ணியின் வாழ்க்கையையே புரட்டிப்போட முடியும். அதே காரணத்தால், நாள் கடந்தபின் பொய்யான தேதி போட்டு, தாமே முன்பிருந்து வைத்திருந்ததாகப் பிரமாணப் பத்திரம் அளிக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதில் பொய் சொல்வது பொய்ச்சான்றுக் குற்றம்.

நண்பருக்கு விற்பது அறவே கூடாது. பதிவு பெற்ற துப்பாக்கியைக்கூட வாரிசுக்கோ, கூட்டாட்சி உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகருக்கோ, வேறு மாநிலத்தில் வைத்துக்கொள்ளும் வெளிமாநிலத்தவருக்கோதான் மாற்றலாம். இல்லினாயில் வசிக்கும் நண்பருக்கு விற்றால், விற்றவருக்கு 2 முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கக்கூடிய குற்றம் அது. வாங்கியவரும் தப்ப முடியாது.

சட்டம் ரத்தாகிவிட்டது என்று இன்னொருவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஆபத்து அந்தப் பாதியில்தான். இல்லினாய் உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் 4-க்கு 3 என்ற பெரும்பான்மையில் இச்சட்டத்தை நிலைநிறுத்தியது. 2024 நவம்பரில் தெற்கு இல்லினாயின் கூட்டாட்சி நீதிபதி மெக்லின் இதை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். உங்கள் நண்பர் படித்த செய்தி இதுவாகவே இருக்கும். அடுத்த மாதமே ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்ததால், சட்டம் தொடர்ந்து அமலில் இருந்தது. மேரிலாந்தின் இதேபோன்ற தடையை எதிர்த்த வழக்கை 2025 ஜூன் 2 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க மறுத்தது. அப்போது நீதிபதி கவனா, ஓரிரு ஆண்டுகளில் ஏ.ஆர்-15 பற்றிய கேள்வியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் தனிக் குறிப்பு எழுதினார். அந்த நாள் வந்து, தடை முழுவதும் நீங்கினாலும்கூட, உங்கள் விசாவுக்கான தடை வேறொரு சட்டத்தில் இருக்கிறது. அது இத்தீர்ப்புகளோடு போகாது.

ஆகவே இன்றே ஒரு குற்றவியல் வழக்கறிஞரையும், குடியேற்ற வழக்குகள் தெரிந்த ஒருவரையும் சேர்த்துப் பாருங்கள். இருவரில் ஒருவர் மட்டும் போதாது. குற்றவியல் பக்கம் எளிதாகத் தோன்றும் குற்ற ஒப்புதல், குடியேற்றப் பக்கம் பேரிடியாக முடியலாம். அவர்களிடம் நீங்கள் சொல்வது ரகசியக் காப்புக்கு உட்பட்டது. என்னிடமோ நண்பரிடமோ சொல்வது அப்படியன்று. நம் ஊரில் உரிமக்காரர் இறந்தால் குடும்பத்தார் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அந்தப் பழக்கத்தில் நீங்களே பெட்டியைக் காரில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அண்ணி வீட்டுக்குத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். வழக்கறிஞர் காவல் துறையோடு பேசி, அவர்களே வந்து எடுத்துச் செல்லவோ, உரிமம் பெற்ற வணிகர் பெற்றுக்கொள்ளவோ ஏற்பாடு செய்வார். அதுவரை பெட்டியைத் திறக்கவோ, உடைத்துக் குப்பையில் போடவோ, வாட்ஸ்அப்பில் இதைப் பற்றி எழுதவோ கூடாது. ஏற்கெனவே அனுப்பிய செய்திகள் இருந்தால் அவற்றை அழிக்கவும் கூடாது.

மேகசின்களையும் மறந்துவிடாதீர்கள். நீள் துப்பாக்கிக்கு 10 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகசினுக்குத் தனிப் பிரிவும் 1,000 டாலர் அபராதமும் உண்டு. துப்பாக்கியோடு அவை மூன்றும் போக வேண்டும். வழக்கறிஞரைப் பார்க்கும்போது உங்கள் பாஸ்போர்ட்டையும், எச்-1பி ஒப்புதல் தாளையும், அண்ணனின் இறப்புச் சான்றிதழையும் கொண்டுசெல்லுங்கள். அந்த 2017 ரசீது பெட்டிக்குள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். துப்பாக்கி சட்டப்படி வாங்கப்பட்டது என்பதற்கு அதுதான் சான்று, அதை வழக்கறிஞர் எடுத்துக்கொள்வார்.