ஹைட்ரஜன் கார் வரும் வரை காத்திருக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் வேலை. என் பெட்ரோல் கார் மாதம் 1,500 கி.மீ. ஓடுகிறது. அதைக் கொடுத்துவிட்டு, கடன் போட்டு மின்சார கார் வாங்க நினைக்கிறேன். "ஹைட்ரஜன் கார் வரப்போகுது, பேட்டரி வண்டி காயலான் கடைக்குத்தான்" என்கிறார் மச்சான். கையில் உள்ள 3 லட்சத்தை ஹைட்ரஜன் பங்குகளில் போடவும் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: மச்சான் சொல்லும் கார் புதிதல்ல. டொயோட்டா மிராய் 2014-லேயே ஜப்பானில் விற்பனைக்கு வந்துவிட்டது. 2022-ல் அமைச்சர் நிதின் கட்கரி அதில் நாடாளுமன்றத்துக்கே போனார். ஆனால் நிரப்ப பங்க் வேண்டுமே! கலிபோர்னியாவில் ஷெல் நிறுவனம் கார்களுக்கு ஹைட்ரஜன் நிரப்பும் தன் நிலையங்களை 2024-ல் மூடிவிட்டது.

காரணம் எளிய கணக்குதான். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க ஏறக்குறைய 50 முதல் 55 யூனிட் மின்சாரம் செலவாகும். அதில் மிராய் சுமார் 100 கி.மீ. ஓடும். அதே மின்சாரத்தை நேராக பேட்டரியில் ஏற்றினால் 300 கி.மீ. தாராளமாகப் போகலாம். ஹைட்ரஜனுக்கு வேலை உரத்திலும் எஃகிலும் சுத்திகரிப்பு ஆலையிலும் இருக்கிறது. 2023-ல் மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் அறிவித்த பசுமை ஹைட்ரஜன் திட்டத்தின் முக்கிய இலக்கும் அந்தப் பக்கம்தான். உங்கள் வீட்டு வாசலுக்கு அது இப்போதைக்கு வராது.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். லிட்டருக்கு 15 கி.மீ. என்றால் மாதம் 100 லிட்டர், சுமார் 10,000 ரூபாய். மின்சார காருக்கு 250 யூனிட் போதும். இரண்டு மாத பில்லில் 500 யூனிட் கூடுவதால் நீங்கள் அதிகக் கட்டண அடுக்குக்குப் போய்விடுவீர்கள். அதனால் யூனிட் 10 ரூபாய் என்றே வைத்தேன். அப்படியும் 2,500 ரூபாய்தான். பெட்ரோல் மாடலைவிட விலை 3 லட்சம் கூடுதலாக இருந்தாலும் 40 மாதத்தில் ஈடாகிவிடும். மாதம் 400 கி.மீ. ஓட்டுபவர் கேட்டிருந்தால், பழைய காரையே வைத்துக்கொள்ளுங்கள் என்றிருப்பேன். வாடகை வீடாக இருந்தால், சார்ஜ் போட வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

பயப்பட வேண்டியது மறுவிற்பனை விலைக்கு. பேட்டரிக்கு வழக்கமாக 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தருகிறார்கள். உங்கள் ஓட்டத்துக்கு 8 ஆண்டில் 1,44,000 கி.மீ. வரும், அதற்குள் அடங்கிவிடும். ஆகவே வாங்கினால் 8 ஆண்டு வைத்து ஓட்டுங்கள். நாலு வருஷத்துக்கு ஒரு கார் மாற்றும் பழக்கமிருந்தால் வேண்டாம். பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள், கைமாறினால் வாரண்டி தொடருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று. வருமான வரிச் சட்டத்தின் 80EEB பிரிவில் மின்சார காருக்கான கடன் வட்டிக்கு வரிச் சலுகை உண்டு என்று ஷோரூமில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடன்களோடு அது முடிந்துவிட்டது.

அப்புறம் பங்கு. அமெரிக்காவின் நிகோலா நிறுவனம், ஹைட்ரஜன் லாரி வாக்குறுதியிலேயே 2020-ல் சந்தை மதிப்பில் ஃபோர்டை முந்தியது. 2025-ல் திவால் மனு கொடுத்தது. இங்கே இந்தத் துறையில் இறங்கியிருக்கும் ரிலையன்ஸ், என்டிபிசி, எல் அண்ட் டி மூன்றும் 50 பெரிய நிறுவனங்களின் பங்குக் குறியீடான நிஃப்டி 50-ல் இருக்கின்றன. அந்தக் குறியீட்டில் உள்ள பங்குகளையே வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்ஐபி (மாதாமாதம் ஒரு தொகை) போட்டால் அவை தானாக வந்துவிடும். 3 லட்சத்தை காரின் முன்பணத்தில் சேர்த்துக் கடனைக் குறையுங்கள்.