வேப்பிலை லேஸில் ஸாக்ஸ்: தில்லி வாசகிகளுக்குப் பதில்கள்

ஊசியில் பின்னும் ஸாக்ஸில் வேப்பிலை லேஸ் (இலை வடிவில் ஓட்டை விட்டுப் பின்னும் வேலைப்பாடு) போட்டால் வெறும் ஓட்டைகள்தான் தெரிகின்றன, இலை தெரியவில்லை. (ஆர்.கே.புரம்)

இலையைக் காட்டுவது ஓட்டை இல்லை, அதன் ஓரத்தில் சாய்ந்து போகிற கோடு. ஊசியில் நூலைச் சுற்றினால் ஓட்டையோடு ஒரு கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) கூடும். அதற்கு ஈடாக வேறிடத்தில் இரண்டு கண்ணிகளை ஒன்றாக்க வேண்டும். அப்படியே சேர்த்துப் பின்னினால் கோடு வலப்பக்கம் சாயும். இரண்டையும் ஒவ்வொன்றாக வலது ஊசிக்கு வழுக்கி, பின்புறமாகச் சேர்த்தால் இடப்பக்கம் சாயும். பின்னிக்கொண்டே மேலே போகையில் இலை குறுகும் இடத்தில், அதன் வலது ஓரத்தில் இடச்சாய்வும் இடது ஓரத்தில் வலச்சாய்வும் வரட்டும். நுனியில் மூன்று கண்ணிகளை ஒன்றாக்குங்கள்.

இன்னொன்று. தில்லிச் சாலையோரங்களில் வேம்புக்குக் குறைவில்லை, ஒரு கொத்தை ஒடித்து வந்து பாருங்கள். நடுவில் ஒரு காம்பு, இருபுறமும் ஏறக்குறைய எதிரெதிராக, அரிவாள் போல லேசாக வளைந்த சிற்றிலைகள். ஓரத்தில் ரம்பப் பல். ஸாக்ஸ் அளவில் அந்தப் பல் வராது, விட்டுவிடுங்கள். நடுக்காம்பும் ஜோடி ஜோடியான வரிசையும் வந்தாலே பார்ப்பவர்கள் வேப்பிலை என்பார்கள்.

மேலிருந்து கீழே பின்னினேன், இலைகள் எல்லாம் தலைகீழ்! (மயூர் விஹார்)

பின்னல் வரைபடத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்கிறோம், ஸாக்ஸோ கணுக்காலிலிருந்து விரலை நோக்கி வளர்கிறது. ஆரம்பிக்கும் முன்பே வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், காலில் அப்படித்தான் தெரியும். பிடிக்கவில்லையா, விரலிலிருந்து தொடங்குங்கள்.

எத்தனை கண்ணி போடுவது? (துவாரகா)

பாதத்தின் சுற்றளவில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 22 செ.மீ. பாதத்துக்குச் சுமார் 20 செ.மீ. வரும். மெல்லிய நூலில் 10 செ.மீ.க்கு 32 கண்ணி விழுந்தால் 64 போதும், 16 கண்ணி இலை நான்கு முறை சரியாக அடங்கும். லேஸ் இழுபடும் என்பதால் மாதிரித் துண்டையும் லேஸிலேயே பின்னி அளந்து பாருங்கள். உள்ளங்காலுக்கு லேஸ் வேண்டாம், உறுத்தும், சீக்கிரம் தேயும்.

ஈரத்தில் விரித்துக் காயவைத்தும் லேஸ் சுருங்கியே இருக்கிறது. (கரோல் பாக்)

நூல் அக்ரிலிக்காக இருக்கலாம். ஈரத்தில் விரித்து வைத்த வடிவத்தில் கம்பளி நிற்கும், அக்ரிலிக் அப்படி நிற்காது. சிறு துண்டை இடுக்கியில் பிடித்து, வாஷ்பேசின் மேல் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் வாசனையோடு பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாகும். ஸாக்ஸுக்கு 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் நைலான் கலந்த நூல் நல்லது. ஒரே நிறமாக வாங்குங்கள். பல வண்ண நூலில் இலை காணாமல் போகும்.

நடுவில் தப்பினால் எல்லாவற்றையும் பிரிக்கவேண்டி வருகிறது. (ஜனக்புரி)

ஒவ்வொரு இலை முடிந்ததும், ஊசியிலுள்ள எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் வேறு நிறத் தையல் நூலைக் கோத்துவிடுங்கள். அப்புறம் எங்கே தப்பினாலும் அந்த நூல்வரை பிரித்தால் போதும், கண்ணிகள் அதிலேயே நிற்கும்.