அண்ணாச்சி பதில்கள்: தீவில் எங்கே தங்க, எங்கே சாப்பிட?

போன இதழில் "தீவுப் பயணம் பற்றி அண்ணாச்சியிடம் கேளுங்கள்" என்று ஒரு வரி போட்டாலும் போட்டார்கள், ஆசிரியர் ஒரு மஞ்சப்பை நிறையக் கடிதங்களைப் பாளையங்கோட்டைக்கே அனுப்பிவிட்டார். முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "எந்த ரிசார்ட் நல்லா இருக்கும்?" நான் போர்ட் பிளேரில் ஒன்பது வருஷம் சமையற்கட்டிலும், மாலத்தீவில் பன்னிரண்டு வருஷம் ஸ்டோரிலும் கிடந்தவன். எனக்கு அறையைவிட அடுப்புதான் முதலில் கண்ணில் படும். பதிலும் அப்படித்தான் இருக்கும்.

கேள்வி: அண்ணாச்சி, ஜனவரியில் அந்தமான் போகிறோம். நான், கணவர், எட்டு வயது மகன், மாமியார். மாமியார் சுத்த சைவம். முட்டை பொரித்த சட்டியில் தோசை ஊற்றினால்கூடத் தொட மாட்டார். ஹேவ்லாக்கில் கடலைப் பார்த்த அறை ஒன்று படத்தில் அவ்வளவு அழகாக இருக்கிறது. ஆனால் பஜாரிலிருந்து தள்ளி இருக்கிறதாம். போடலாமா? (வாசகி, கல்லிடைக்குறிச்சி)

பதில்: வேண்டாம் தங்கச்சி. நான் பட்டதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை பார்த்த ஊர்தானே என்ற மிதப்பில், ஒருதடவை வீட்டுக்காரியையும் என் மாமியாரையும் கூட்டிக்கொண்டு ஹேவ்லாக் போனேன். நீங்கள் சொல்கிற மாதிரியே கடலைப் பார்த்த அறை. பெயர் வேண்டாம். சாயங்காலம் மழை பிடித்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போனால், "சமையல்காரர் ஊருக்குப் போயிருக்கார், பிரெட் ஆம்லெட் தரலாம்" என்கிறான். மாமியாருக்கு வெறும் பிரெட். பஜாருக்குப் போக ஆட்டோவுக்கு ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் பையில் கிடந்த முந்திரிக்கொத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்துப் படுத்தோம். ஜன்னலுக்கு வெளியே கடல் இருந்ததோ என்னவோ, அந்த இருட்டில் எங்கே தெரிந்தது?

அந்த இருட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தமான் நம்ம ஊருக்கு ஏறக்குறைய 15 பாகை கிழக்கே கிடக்கிறது. கடிகாரம் மட்டும் ஒன்று. அதனால் அங்கே சூரியன் நமக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே விழுந்துவிடும். மார்கழி, தையில் ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் பொழுது அடைந்துவிடும். ஆகவே காசு கொடுத்து வாங்கும் கடல் காட்சி பகலில் மட்டும்தான். அந்தப் பகலிலோ நீங்கள் அறையில் இருக்கப்போவதில்லை. பொழுது அடைந்த பிறகு பசியோடு நாலு மணி நேரம் கிடக்கிறதே, அந்த நாலு மணி நேரத்துக்குத்தான் இடம் பார்க்க வேண்டும்.

ஹேவ்லாக்கை இப்போது ஸ்வராஜ் தீப் என்கிறார்கள். 2018 டிசம்பரில் பெயர் மாற்றினார்கள். அங்கே கடற்கரைகளுக்கு எண்தான் பெயர். மூன்றாம் எண் பக்கம் கோவிந்த் நகர், அதுதான் பஜார். காய்கறிக்கடை, மருந்துக்கடை, ஏ.டி.எம்., சின்னச் சின்னச் சாப்பாட்டுக்கடை எல்லாம் அங்கேதான். ஐந்தாம் எண் விஜய் நகர், கிழக்குக் கரை, தங்குமிடங்கள் வரிசையாக இருக்கும். ஊர் உலகமெல்லாம் படம் போடும் ராதாநகர் ஏழாம் எண், மேற்குப் பக்கம். அதற்கு ஆட்டோவில் போய், சூரியன் விழுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம், அங்கேயே தங்க வேண்டும் என்றில்லை. நீங்கள் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில், மாமியார் நடந்து போய் வரக்கூடிய தூரத்தில் அறை பிடியுங்கள்.

கிழக்குக் கரையில் ஒரு சங்கதி. திருச்செந்தூரில் அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் உள்வாங்கினால் நம்மாட்கள் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறோம், பேப்பரில் படம் வருகிறது. அங்கே தினமும் இரண்டு தடவை அதே கதைதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு மீட்டர் வரைகூட ஏறி இறங்கும். வற்றிய நேரத்தில் விஜய் நகர்க் கரையில் இறங்கினால் கல்லும் செத்த பவளமும்தான் காலைக் குத்தும், தண்ணீர் எங்கேயோ தள்ளி நிற்கும். நீங்கள் பார்த்த படத்தை எடுத்தவர் கடல் ஏறியிருந்தபோது எடுத்திருப்பார். பையன் குளிக்க வேண்டும் என்றால் அன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு ஏறும் என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் குடியேறியவர்கள் பெரும்பாலும் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள். பஜார்க் கடைகளில் சோறு, பருப்பு, ஒரு காய், மீன் குழம்பு என்று வங்காளிச் சாப்பாடு நன்றாகவே இருக்கும். ஆனால் கடுகு எண்ணெய். அந்த வாடை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு முதல் வாயிலேயே பிடிக்காமல் போய்விடும். "வேறு எண்ணெயில் செய்து தாங்க" என்று காலையிலேயே சொல்லி வைத்தால் செய்து தருவார்கள். ராத்திரி எட்டரைக்குப் போய்க் கேட்டால் நடக்காது. தனிச் சட்டி கேட்பதானால் சுத்த சைவக் கடையைத் தேடுங்கள். அதுவும் பஜாரில்தான் கிடைக்கும்.

பயணத்தை இப்படிப் போடுங்கள். முதல் ராத்திரி போர்ட் பிளேர். 2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். அபர்தீன் பஜார் பக்கம் தமிழ்க் குரல் காதில் விழாத தெரு கிடையாது, இட்லி, சாம்பாருக்குப் பஞ்சமில்லை. அடுத்து ஹேவ்லாக் இரண்டு ராத்திரி. அப்புறம் நீல் ஒரு ராத்திரி. அது சின்னத் தீவு, சைக்கிளிலேயே சுற்றலாம். அந்தமானுக்குக் காய்கறி நிறைய விளைவது அங்கேதான், மாமியார் கத்தரிக்காயைப் பார்த்துச் சிரிப்பார். பல ஓட்டல்களில் காலை எட்டு, ஒன்பதுக்கே அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். நம் ஊர் மாதிரி பன்னிரண்டு மணி என்று நினைத்துக் காலையில் துணி துவைத்துப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மூன்று வேளைச் சாப்பாட்டோடு பேக்கேஜ் எடுப்பது லாபமா, காலை டிபன் மட்டும் எடுப்பது லாபமா? (வாசகர், சுரண்டை)

பதில்: எந்தத் தீவு என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே தம்பி. அந்தமான் என்றால் டிபன் மட்டும் போதும். மத்தியானம் நீங்கள் எங்கேயாவது படகிலோ கரையிலோ இருப்பீர்கள், கட்டிய காசு வீணாகும். அதிகாலைப் படகு பிடிக்கிற நாளில் டிபனைப் பொட்டலமாகக் கட்டித் தருவார்களா என்று மட்டும் முன்கூட்டியே கேளுங்கள்.

மாலத்தீவு ரிசார்ட் என்றால் கதையே வேறு. அங்கே ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். வாசலைத் தாண்டினால் கடல்தான், எதிர்த்த கடை என்று ஒன்று கிடையாது. வெறும் அறை வாடகை மலிவாக இருக்கிறதே என்று பதிவு செய்துவிட்டு வந்தவர்கள் இரண்டாம் நாள் மெனு கார்டை வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்த விலையும் முழு விலை இல்லை. 100 டாலர் என்று போட்டிருந்தால் அதன்மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அந்தக் கூட்டுத்தொகையின்மேல் 17 சதவீதம் வரி. கையை விட்டுப் போவது 128 டாலர் 70 சென்ட். ரிசார்ட்டுக்குப் போனால் மூன்று வேளையும் சேர்த்தே எடுங்கள். விமான நிலையத்திலிருந்து தீவுக்குக் கொண்டுபோகும் செலவு அதில் அடக்கமா என்றும் கேளுங்கள், பெரும்பாலும் தனியாகத்தான் இருக்கும். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும் பறக்கும். சாயங்காலம் போய் இறங்கினால் அன்றைக்கு ராத்திரி தலைநகர் மாலேயிலேயே இன்னொரு அறை வாடகை.

கேள்வி: அண்ணாச்சி, உம்மா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஐந்து பேர் மாலத்தீவு போக ஆசை. ரிசார்ட்டுக்குக் கட்டுப்படியாகாது. ஹலால் சாப்பாடு வேண்டும். உம்மாவுக்கு முட்டுவலி. (வாசகர், மேலப்பாளையம்)

பதில்: பாய், உங்களுக்கென்றே அமைந்த ஊர். 2009 வரைக்கும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் ஆளில்லாத தீவில் கட்டிய ரிசார்ட்டில்தான் தங்கினார்கள். அதற்கப்புறம் ஊர்க்காரர்கள் வாழும் தீவுகளிலும் கெஸ்ட் ஹவுஸ் நடத்த அனுமதி கொடுத்தார்கள். அந்தத் தீவுகளில் சாப்பாடு எல்லாமே ஹலால், மது கிடையாது, பாங்கு சத்தம் கேட்கும். குளிக்கிற உடுப்புக்கென்று தனியாக மறைத்த கரை ஒன்று விட்டிருப்பார்கள், மற்ற இடத்தில் நம் ஊர் மாதிரி அடக்கமான உடுப்புதான். வீட்டுப் பெண்களுக்குச் சங்கடம் இல்லை.

மாஃபுஷி தீவைப் பாருங்கள். திருவனந்தபுரத்திலிருந்து மாலேக்கு வான்வழி ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அங்கிருந்து வேகப்படகில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். மலிவான அரசுப் படகும் உண்டு, ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், வெள்ளிக்கிழமை ஓடாது. உம்மாவுக்குப் படகில் ஏற இறங்கக் கை கொடுக்க ஆள் வேண்டும் என்று கெஸ்ட் ஹவுஸில் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பையன்கள் தூக்கிக்கூட விடுவார்கள். அறை கீழ்த்தளத்தில் கேளுங்கள். லிஃப்ட் இருக்கிறதா என்று வாயால் கேட்டால் போதாது, படம் அனுப்பச் சொல்லுங்கள். 50 அறைக்கு உட்பட்ட கெஸ்ட் ஹவுஸில் தலைக்கு ராத்திரிக்கு 6 டாலர் பசுமை வரி உண்டு. ஐந்து பேர், மூன்று ராத்திரி என்றால் 90 டாலர். காலி செய்யும்போது கேட்டுத் திகைக்க வைப்பார்கள், இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.

சாப்பாடு உங்களுக்கு அந்நியமாகவே இருக்காது. நம் பக்கத்து வீடுகளில் இடித்துச் சம்பல் போடுகிற மாசி எங்கிருந்து வருகிறது? அங்கிருந்துதான். சூரையை அவித்து, புகை போட்டு, கல் மாதிரி காயவைத்தது. காலையில் சூரை மீனை உதிர்த்துத் தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், எலுமிச்சை போட்டுப் பிசைந்து மஸ் ஹுனி என்று தருவார்கள், கூடவே ரோஷி என்கிற மெல்லிய ரொட்டி. மத்தியானம் கருதியா, அதாவது தெளிந்த மீன் சாறும் சோறும். முதல் நாள் சப்பென்று தெரியும், மிளகாயும் எலுமிச்சையும் பிழிந்துகொண்டால் மூன்றாம் நாள் நீங்களே கேட்பீர்கள். நான் ஸ்டோரில் இருந்தபோது தூத்துக்குடித் தோணியில் வந்த வெங்காய மூட்டையைப் பிரித்தால் நம்ம ஊர்ச் சாக்கு வாசம் வரும். அந்த வாசத்துக்காகவே நான் கொஞ்ச நேரம் அங்கே நின்றுகொண்டிருப்பேன். அது கிடக்கட்டும். ஊர்க்காரர்கள் டீ குடிக்கிற கடைக்கு ஹோட்டா என்று பெயர். சாயங்காலம் அங்கே போய் உட்காருங்கள். மீன் வைத்த பலகாரங்கள் தட்டு நிறைய வரும், ஓட்டல் விலையில் கால்வாசிகூட ஆகாது.

நோன்பு மாதத்தில் மட்டும் போகாதீர்கள். பகலில் கடைகள் மூடியிருக்கும், பிள்ளைகள் பாடு திண்டாட்டம். விசாவை அங்கே இறங்கியதும் இலவசமாகவே தருகிறார்கள். கிளம்புவதற்கு முந்தின 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் பயண விவரப் படிவம் ஒன்று நிரப்ப வேண்டும். தங்குமிடப் பதிவும் திரும்பும் டிக்கெட்டும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: தீவில் மீன் மலிவாக இருக்குமா? (வாசகர், உவரி)

பதில்: உவரிக்காரருக்கு நான் மீனைப் பற்றிச் சொல்லவா? இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். பஜார்ச் சாப்பாட்டுக்கடையில் மலிவு. கரையோரம் விளக்குக் கட்டி, ஐஸில் மீனைப் பரப்பி வைத்திருக்கும் இடத்தில் மலிவு இல்லை. "இந்த மீன் எவ்வளவு?" என்று கேட்டால் நூறு கிராமுக்குச் சொல்வான், நீங்கள் முழு மீனுக்கு என்று நினைத்துத் தலையாட்டிவிடுவீர்கள். கண் முன்னால் நிறுக்கச் சொல்லி, மொத்தத் தொகையை வாயால் சொல்ல வைத்துவிட்டு உட்காருங்கள். சூரை, பாறை, நெய்மீன் எது கிடைத்தாலும் வாங்கலாம், செவுளைத் தூக்கிப் பார்க்க உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளிமீனை மட்டும் விட்டுவிடுங்கள். பவளப்பாறையின் பாசியைக் கொறித்து, பாறையையும் அரைத்து மணலாகக் கழிக்கிற மீன் அது. நீங்கள் காலை வைத்து நடக்கிற அந்த வெள்ளை மணலில் அதன் பங்கு கொஞ்சமில்லை.

கேள்வி: லட்சத்தீவு பக்கம்தானே, அதை ஏன் சொல்வதில்லை? (வாசகி, வள்ளியூர்)

பதில்: பக்கம்தான், ஆனால் நினைத்த உடனே கிளம்ப முடியாது. இந்தியர்களுக்கே நுழைவு அனுமதி வேண்டும். கொச்சியிலிருந்து கப்பல், அல்லது அகத்திக்கு விமானம். தங்க இடம் கொஞ்சம்தான், சாப்பாட்டுக்கு நீங்கள் கடை தேடி அலைய வேண்டிய வேலையும் இருக்காது, தங்குகிற இடத்தில் போடுவதுதான். அனுமதி கையில் வந்த பிறகு எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.

கேள்வி: ஊரிலிருந்து என்ன எடுத்துப் போக வேண்டும் அண்ணாச்சி? அல்வா எடுத்துப் போகலாமா? (வாசகர், தென்காசி)

பதில்: அல்வா தாராளமாக எடுங்கள், நாலு நாள் கெடாது. படகுத்துறையில் ஒரு துண்டு நீட்டினால் அறிமுகமில்லாதவரும் பேச ஆரம்பித்துவிடுவார். இட்லிப்பொடியை எண்ணெய் ஊற்றாமல் காய்ந்தபடியே எடுங்கள், எண்ணெய் அங்கே வாங்கிக்கொள்ளலாம். ஊறுகாயைக் கைப்பையில் வைக்காதீர்கள், விமான நிலையச் சோதனையில் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். பெட்டிக்குள் இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டு வையுங்கள். நான் ஒரே உறை போட்டு, மாவடுச் சாறு ஒழுகி, ஒரு வெள்ளைச் சட்டையை இன்றைக்கும் சமையற்கட்டுத் துணியாக வைத்திருக்கிறேன்.