மலைப்பாதை வடிவமைப்பு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவு எதற்கு சார்? நேராகப் போட்டால் தூரம் மிச்சமாகுமே?

ப: மிச்சமாகும், ஆனால் சுமை லாரி ஏறாது. இந்தியாவில் மலைச்சாலைக்கு ஐ.ஆர்.சி 52 என்ற வழிகாட்டி நூல் உண்டு (ஐ.ஆர்.சி என்பது சாலை விதிமுறைகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்). அதன்படி வழக்கமான ஏற்றம் 5 சதவீதம், அதாவது 100 மீட்டர் போனால் 5 மீட்டர் உயரம்; செங்குத்தான சரிவில் 6. வேறு வழியே இல்லாத சிறு தூரத்துக்கு மட்டும் 7, 8. ஆயிரம் மீட்டர் உயரத்தை 5 சதவீதத்தில் ஏற 20 கிலோமீட்டர் சாலை வேண்டும். அவ்வளவு நீளத்தை ஒரே சரிவில் எங்கே வைப்பது? மடித்துத்தான் போட முடியும்.

கே: அந்த வளைவுகளில் மட்டும் சாலை அகலமாக, கிட்டத்தட்ட சமதளமாக இருக்கிறதே?

ப: பஸ் திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால்தான் உள் ஆரம் 14 மீட்டருக்குக் குறையக்கூடாது. இருவழி தேசிய நெடுஞ்சாலை என்றால் வளைவின் முனையில் 11.5 மீட்டர் அகலம் வேண்டும். திரும்பும்போதே ஏறவும் வேண்டியிருந்தால் வண்டி திணறும் என்பதால் அங்கே ஏற்றம் 2.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. முழுச் சமதளமாகவும் விடக்கூடாது, தண்ணீர் தேங்கும்.

கே: பனி பெய்யும் ஊரில் வளைவின் வெளிப்பக்கத்தைக் குறைவாக உயர்த்துவது ஏன்?

ப: மற்ற மலைகளில் 10 சதவீதம் வரை, பனி மலையில் 7 வரைதான். உறைபனியில் மெதுவாகப் போகும் வண்டி உள்பக்கம் வழுக்கிவிடும்.

கே: எங்கள் ஊர்ச் சாலையோரம் தாங்கு சுவர் கட்டினார்கள். அடுத்த மழையிலேயே சரிந்துவிட்டது. சுவர் போதாதா?

ப: போதாது. முதலில் சுவரில் நீர்வடி துளைகள் இருந்தனவா, பின்னால் சரளைக்கல் நிரப்பினார்களா என்று பாருங்கள். வெறும் மண்ணைத் தள்ளி மூடியிருந்தால் மழைநீர் வடிய வழியில்லாமல் சுவரைத் தள்ளும். அப்புறம் மேலே பாருங்கள். சரிவிலிருந்து வரும் நீரை மறித்துத் திருப்ப ஒரு வாய்க்கால், சாலையின் மலைப்பக்க ஓரத்தில் ஒன்று, இரண்டும் சேரும் இடத்தில் சாலைக்கு அடியில் நீரைக் கடத்தும் கல்வெர்ட், எல்லாம் வேண்டும். மேல் வாய்க்காலுக்குத் தளம் போடாவிட்டால் அதுவே மண்ணுக்குள் நீரை இறக்கும். கல்வெர்ட்டின் வெளிவாயையும் கவனியுங்கள். தண்ணீர் கொட்டும் இடத்தில் கல் பதிக்காவிட்டால் அடிமண் அரித்துச் சாலை கீழிருந்து போகும். என்னைக் கேட்டால், சுவருக்கு முன் வாய்க்காலுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். திறப்பு விழாவில் வாய்க்காலை யார் காட்டுகிறார்கள், அதுதான் சிக்கல்!

கே: எல்லா மலைச்சாலையையும் அகலப்படுத்தினால் என்ன?

ப: அகலம் கூடக்கூட மலையை வெட்ட வேண்டும், வெட்டிய சரிவு சரியும். உத்தராகண்டில் நான்கு புனிதத் தலங்களுக்குப் போகும் சார்தாம் சாலை பற்றி நீதிமன்றத்தில் நடந்த வழக்கே இதுதான். 2018-இல் மத்திய அமைச்சகம் மலைச்சாலைக்கு 5.5 மீட்டர் அகலத் தளம் என்றது. எல்லைக்குப் போகும் சாலைகளுக்கு ராணுவத் தேவையைக் காட்டி, 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இருவழியை அனுமதித்தது. நாட்டின் எல்லையோரம் இல்லாத ஊருக்கு அந்த வாதம் பொருந்தாது.

கே: ஒருவழித் தடத்தில் எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்குவது?

ப: இறங்குகிறவர். கிலோமீட்டருக்கு இரண்டு மூன்று ஒதுங்கும் இடம் விட வேண்டும் என்பதும் வழிகாட்டியில் உண்டு. சரி, அங்கே டீக்கடை போட்டுவிட்டால் ஒதுங்க இடமிருக்காது.